மதியம் ரெண்டு மணிக்குப் பக்கத்தில் யார்? ஆன்லைன் பள்ளியா, நேரடிப் பள்ளியா

பையனை ஆன்லைன் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தபோது நான் முதலில் செய்த காரியம், ஒரு எக்செல் ஷீட் போட்டது. கட்டணம், பாடத்திட்டம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், ரெக்கார்டிங் உண்டா, தேர்வு எங்கே எழுத வேண்டும் என்று பதினாலு கட்டங்கள். மனைவி அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிங்க, மதியம் ரெண்டு மணிக்கு அவன் பக்கத்துல யாரு இருப்பா?" என்று கேட்டாள். அதற்கு என் ஷீட்டில் கட்டம் இல்லை. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கான விலையை அடுத்த பத்து மாதம் கொடுத்தோம்.

சுருக்கமாகக் கதை இதுதான். சின்னவன் எட்டு வயதில் ஒரு கல்வியாண்டு ஆன்லைனில் படித்தான், சரிப்படவில்லை, நேரடிப் பள்ளிக்கே திரும்பிவிட்டான். அவன் திரும்பிய அதே வருடம் மூத்தவள், பதிமூன்று வயது, ஆன்லைனுக்குப் போனாள், இன்றுவரை அதில்தான் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஒரே வீடு, ஒரே இணையம், ஒரே அப்பா அம்மா. அதனால் யாராவது என்னிடம் "ஆன்லைன் நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் வருவதில்லை, "பிள்ளைக்கு என்ன வயசு, பகலில் வீட்டில் யார் இருக்கிறீர்கள்" என்ற கேள்விதான் வருகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். "அதான் கொரோனா சமயத்துல பார்த்தோமே" என்று பலரும் சொல்கிறார்கள். 2020 இல் பள்ளிகள் மூடப்பட்ட உச்சக்கட்டத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அது தீ பிடித்த வீட்டிலிருந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியது மாதிரி. கரும்பலகைக்கு எழுதிய பாடத்தையே கேமரா முன்னால் வாசித்தார்கள், ஆசிரியர்களும் பாவம், ஒரே வாரத்தில் வேறென்ன செய்வார்கள். அதை வைத்து ஆன்லைன் பள்ளியே இப்படித்தான் என்று முடிவு கட்டுவது சரியில்லை. அதே மாதிரி, அந்தச் சமயத்தில் உங்கள் பிள்ளை சமாளித்துவிட்டான் என்பதை வைத்துச் சேர்த்துவிடுவதும் சரியில்லை. அப்போது எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், நீங்களும் இருந்தீர்கள்.

அப்புறம், 'ஆன்லைன் பள்ளி' என்ற ஒரே பெயரில் நாலு வேறு வேறு சரக்கு விற்கிறது. நேரலை வகுப்பு, அதாவது டைம்டேபிள்படி ஆசிரியர் திரையில் வருவது. பதிவு செய்த வீடியோக்களைப் பிள்ளை தன் வேகத்தில் பார்ப்பது. வாரத்தில் சில நாள் நேரில், மற்ற நாள் வீட்டில் என்ற கலப்பு முறை. நேரடிப் பள்ளியில் படித்துக்கொண்டே ஓரிரு பாடத்தை மட்டும் ஆன்லைனில் எடுப்பது. கடைசி இரண்டையும் நிறையப் பேர் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை, முழுசாக இந்தப் பக்கம் அல்லது முழுசாக அந்தப் பக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்குப் பிரச்சினை ஒரே ஒரு பாடம்தான் என்றால், அல்லது அந்தப் பள்ளியில் அந்தப் பாடமே இல்லையென்றால், நாலாவது முறை போதும், பள்ளியை மாற்றவே வேண்டாம்.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான். நேரலை வகுப்பில் மணி அடிக்கும், பெயர் கூப்பிடுவார்கள், பிள்ளை எழுந்து உட்கார ஒரு காரணம் இருக்கும். ஆனால் அந்த நேரத்துக்கு வீடே கட்டுப்பட வேண்டும், ஊருக்குப் போனாலும் காலை எட்டரைக்கு ஒரு சத்தமில்லாத மூலை தேடி அலைய வேண்டும். பதிவு வீடியோவில் அந்தத் தொல்லை இல்லை, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுதான் அதன் வினையும். நாளைக்குப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்க்கலாம் என்று மூன்றாவது வாரத்தில் இருபத்திரண்டு வீடியோ தேங்கி நிற்கும், பிள்ளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு 'பார்த்தாச்சு' என்று டிக் போடும். பெரியவர்களான நாமே காசு கட்டி வாங்கிய எத்தனை கோர்ஸைப் பாதியில் விட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் பிள்ளையைக் குறை சொல்ல வாய் வராது.

இது என் சொந்த எரிச்சல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2015 இல் அங்குள்ள முழுநேர ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளை, அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளிகளை, ஆராய்ந்தது. அங்கே கல்வியாண்டு என்பது 180 பள்ளி நாட்கள். அதே மாதிரியான பின்னணியும் மதிப்பெண்ணும் கொண்ட நேரடிப் பள்ளி மாணவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் வாசிப்பில் 72 நாள் பாடத்துக்குச் சமமாகப் பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் 180 நாள். அதாவது கணக்கு வகுப்புக்கு ஒரு வருடம் முழுக்கப் போகாதது மாதிரி. சரி, ஆன்லைனுக்கு வருகிற பிள்ளைகள் ஏற்கெனவே ஏதோ ஒரு சிக்கலோடு வருபவர்கள், அதை எந்த ஆய்வும் முழுசாகக் கழித்துவிட முடியாது என்பதும் நியாயமான வாதம்தான். ஆனால் அதே சமயம் வெளிவந்த மேத்தமாட்டிகா என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில் காரணத்துக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த ஆன்லைன் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஒரு வாரம் முழுவதும் கிடைக்கும் நேரலை வகுப்பு நேரம், சாதாரணப் பள்ளியில் ஒரே நாளில் கிடைப்பதை விடக் குறைவு. மீதி நேரம்? வீட்டில் யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியது.

அதனால் எந்தப் பள்ளியிடமும் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, "வாரத்துக்கு எத்தனை நிமிடம் நேரலை, அதில் எத்தனை பிள்ளைகள்?" என்பதுதான். விளம்பரத்தில் 'உலகத்தரம்' என்று போடுவார்கள், இந்த எண்ணைப் போட மாட்டார்கள்.

இப்போது சின்னவன் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அதில்தான் இருக்கிறது. அவனுக்கு நேரலை வகுப்புதான் எடுத்திருந்தோம். ஆசிரியை நல்லவர், பொறுமைசாலி. முதல் மாதம் அவன் ஹெட்போன் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கே பெருமை. பக்கத்து அறையில் என் அலுவலக மீட்டிங், இந்த அறையில் அவன் வகுப்பு, இரண்டு பேரும் மியூட்டில். கணக்குப் பயிற்சி ஒரு செயலியில், நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும், சரியானால் பச்சை டிக். தினமும் பச்சையாகத்தான் இருந்தது.

ஆறாவது வாரம் ஏதோ தேடும்போது அவன் நோட்டு கையில் கிடைத்தது. 402 கழித்தல் 178. விடை 376 என்று எழுதியிருந்தான். 224 வர வேண்டும். தப்பு எங்கே என்று பார்த்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். 2இல் 8 போகாது, அதனால் 8இல் 2, ஆறு. 0இல் 7 போகாது, அதனால் 7. கடன் வாங்குவதே கிடையாது. முன் பக்கத்தைத் திருப்பினேன், அதே தப்பு. அதற்கு முன் பக்கமும். மூன்று வாரமாக அப்படித்தான். செயலியில் மட்டும் எப்படிப் பச்சை என்று கேட்டேன். "தப்புன்னா இன்னொண்ணத் தொடலாம்ப்பா" என்றான், ரகசியம் எதுவும் இல்லாத குரலில்.

வகுப்பறையில் இந்தத் தப்பு ரெண்டாம் நாளே பிடிபட்டிருக்கும். டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து போகும்போது ஒரு நோட்டின் மேல் விரல் வைத்து, "இங்க பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார், நாலு வினாடி வேலை. கேமராவுக்கு முகம்தான் தெரியும், நோட்டு தெரியாது. அந்த ஆசிரியை ஆறு வாரமும் என் மகனின் முகத்தைத்தான் பார்த்தார், அது நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் பாடம் மட்டும் நடத்துவதில்லை. மணி அடிக்கிறது, பக்கத்துப் பிள்ளை எழுதுவதைப் பார்த்து இவனும் எழுத ஆரம்பிக்கிறான், பென்சில் இல்லையென்றால் ஒருவன் கொடுக்கிறான், முகம் வாடியிருந்தால் ஆயாம்மா கேட்கிறார். இதெல்லாம் கட்டண ரசீதில் வராத வேலைகள். பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் இந்த வேலைகள் காணாமல் போவதில்லை, வீட்டில் யாரோ ஒருவர் தலையில் இறங்குகின்றன. யார் தலை என்பதைச் சேர்வதற்கு முன்பே பெயர் சொல்லி முடிவு செய்துவிட வேண்டும். பெரும்பாலும் யாரும் முடிவு செய்வதில்லை, அம்மாவின் தலையில் தானாகவே ஏறிவிடுகிறது.

இதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து 1951 இல் வானொலிப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். விமானத்தில் போய் வைத்தியம் பார்க்கும் 'பறக்கும் மருத்துவர்' சேவையின் ரேடியோவையே பயன்படுத்தி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மாட்டுப் பண்ணைகளில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம். இப்போது ரேடியோ போய் இணையம் வந்துவிட்டது, பள்ளி இன்னும் நடக்கிறது, 13 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கிறார்கள் அதன் மாணவர்கள். எழுபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை நடத்திச் செல்ல வீட்டு ஆசிரியர் என்று ஒரு பெரியவர் இருக்கிறார், அம்மாவாக இருக்கலாம், சம்பளத்துக்கு வைத்தவராக இருக்கலாம். ஆண்டில் சில நாட்கள் எல்லாப் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடவும் செய்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று பாருங்கள்.

வயது விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. பத்து வயதுக்குள் என்றால், பக்கத்திலேயே உட்கார ஒரு பெரியவர் தினமும் இருந்தால் ஒழிய ஆன்லைன் வேண்டாம். 'அடுத்த அறையில் இருக்கிறேன்' என்பது கணக்கில் சேராது, நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். பதிமூன்று, பதினான்குக்கு மேல் நிலைமை வேறு, அங்கே பிள்ளையின் சுபாவம் முடிவு செய்யும். அதிலும் கெட்டிக்காரப் பிள்ளையா என்று பார்க்காதீர்கள். 'எனக்கு இது புரியல' என்று தானாக ஒருவரிடம் போய்க் கேட்கிற பிள்ளையா என்று பாருங்கள். கேட்கத் தெரியாத கெட்டிக்காரப் பிள்ளை ஆன்லைனில் சத்தமில்லாமல் மூழ்கும், மதிப்பெண் வரும்வரை யாருக்கும் தெரியாது.

சேர்வதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது ஒரு இலவச கோர்ஸை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம், தினமும் முக்கால் மணி நேரம், நேரத்தைப் பிள்ளையே குறிக்கட்டும். நீங்கள் நினைவூட்டக் கூடாது, வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். எப்படியும் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தவறும், எல்லாப் பிள்ளையும் தவறும். தவறிய மறுநாள் தானாகத் திரும்ப வந்து உட்காருகிறதா என்பதுதான் சோதனை. மூத்தவள் ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் இரண்டு பாடமாகச் செய்தாள். சின்னவன் அந்த கோர்ஸ் என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிட்டான்.

சரி, யாருக்குப் பொருந்தும்? நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள், காலையும் மாலையும் பயிற்சிக்குப் போகும் விளையாட்டு வீரர்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றலாகும் குடும்பங்கள், பக்கத்தில் நல்ல பள்ளியே இல்லாதவர்கள், வகுப்பறை இரைச்சலே தாங்க முடியாத பிள்ளைகள். இவர்களுக்கெல்லாம் ஆன்லைன் பெரிய வரம், நான் மேலே புலம்பியதெல்லாம் இருந்தாலும் வரம்தான். பேச்சுப் பயிற்சி மாதிரி நேரில் கிடைத்துக்கொண்டிருந்த சிறப்பு உதவி ஏதாவது இருந்தால் மட்டும், அதை இனி யார், எங்கே தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் சக பிள்ளைகளின் கொடுமை தாங்காமல் வெளியே எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூச்சுவிட இடம் கிடைக்கும், அது உடனே தேவை என்றால் தயங்க வேண்டாம். ஆனால் பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பிள்ளை வெளியே வந்ததா என்று பாருங்கள், இல்லையென்றால் கொடுமை வீட்டுக்கே வந்து படுக்கையில் உட்காரும்.

மூத்தவளுக்கு ஏன் பொருந்தியது என்றால், அவள் வகுப்பில் கை தூக்காத பிள்ளை. ஏழு வருடத்தில் ஒரு முறைகூடத் தூக்கியதில்லை என்றுதான் எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். ஆன்லைனில் ஆசிரியருக்கு மட்டும் தெரிகிற மாதிரி சாட்டில் கேள்வி டைப் செய்யலாம் என்று தெரிந்ததும் கேட்க ஆரம்பித்தாள் பாருங்கள், ஆசிரியரே "ஒரு நாளைக்கு அஞ்சு கேள்வி போதும்மா" என்று சொல்லும் அளவுக்கு. கேட்கத் தெரியாத பிள்ளை என்று நாங்கள் நினைத்தது தப்பு, நாற்பது பேர் முன்னால் கேட்கத் தெரியாத பிள்ளை, அவ்வளவுதான். பயணத்தில் போன இரண்டு மணி நேரம் தூக்கத்துக்குப் போனது இன்னொரு லாபம்.

நஷ்டம் நாலாவது மாதம் தெரிந்தது. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு நான் யார்கிட்டயுமே பேசலல்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். எண்ணிப் பார்த்தால் உண்மைதான், காலையிலிருந்து டைப் மட்டும்தான் செய்திருக்கிறாள். ஆன்லைன் பள்ளிக்காரர்கள் 'எங்களிடம் கிளப் இருக்கிறது' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'பிள்ளைக்குப் பழகத் தெரியாமல் போய்விடும்' என்று பயமுறுத்துவார்கள். இரண்டும் மிகை. ஆனால் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் காரணமே இல்லாமல் சிரிக்கிற அந்த ஐந்து நிமிடத்தை எந்தக் கிளப்பும் தருவதில்லை. நாங்கள் வாரம் மூன்று நாள் மாலை நேரில் போகிற மாதிரி ஒரு கூடைப்பந்துப் பயிற்சியில் சேர்த்தோம். அதைப் 'பொழுதுபோக்கு' என்ற கணக்கில் வைக்காமல் பள்ளிக் கட்டணத்தின் பகுதியாகவே வைத்துவிட்டோம், இல்லாவிட்டால் தேர்வு சமயத்தில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

உடம்புக்கும் அது தேவை. ஐந்து வயது முதல் பதினேழு வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற மாதிரி உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பள்ளிக்கு நடப்பது, மாடி ஏறுவது, மைதானத்தில் ஓடுவது எல்லாம் சேர்ந்து அதில் பாதியை நமக்குத் தெரியாமலேயே முடித்துவிடும், வீட்டில் கட்டிலிலிருந்து மேஜைக்குப் பத்து அடி. கண்ணுக்கு இன்னொரு கணக்கு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள், மூன்று ஆண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015 இல் வெளியான ஆய்வு. வேறொன்றும் செய்யவில்லை, வெளியே விட்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டு ஏற்பாடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் இது பணம் கொடுத்தால் தீரும் விஷயம் என்பதால் வேகமாக. இணையத்தில் எல்லோரும் டவுன்லோடு வேகத்தைப் பார்ப்பார்கள், பிள்ளையின் முகமும் குரலும் ஆசிரியருக்குப் போக வேண்டியது அப்லோடில், அதையும் அளந்து பாருங்கள். கழித்தல் சம்பவத்துக்கு அப்புறம் பழைய போன் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி நோட்டை நோக்கித் திருப்பி, அதையும் வகுப்பில் சேரவிட்டோம், ஆசிரியை அதற்காகவே நன்றி சொன்னார். செலவு குறையும் என்று நினைக்காதீர்கள். கருவி, அச்சிடும் தாள், தேர்வு மையக் கட்டணம், நேரில் போகும் பயிற்சி வகுப்பு எல்லாம் கூட்டி, வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டவரின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான தொகை வரும்.

காகித வேலையில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 'அங்கீகாரம் பெற்றது' என்றால் யாருடைய அங்கீகாரம், எதற்கு? பொதுத்தேர்வுக்குப் பதிவு செய்வது பள்ளியா, நீங்களா? தனித்தேர்வர் என்றால் அறிவியல் செய்முறைத் தேர்வு எங்கே? நடுவில் நேரடிப் பள்ளிக்குத் திரும்பினால் எந்த வகுப்பில் எடுத்துக்கொள்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை ஆன்லைன் பள்ளியிடம் கேட்டுப் பயனில்லை, திரும்பிப் போக நினைக்கும் பள்ளியிடம் கேளுங்கள். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும், ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கு நேரில் போயே ஆக வேண்டும், வீட்டில் வைத்துக் கற்பிப்பது விதிவிலக்கான சூழலில் மட்டும்தான்.

டெமோ வகுப்பை நம்பாதீர்கள். டெமோவில் எல்லா ஆசிரியரும் சிரித்த முகம்தான். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், தருவார்களா மாட்டார்களா என்பதே பாதி பதில். அங்கே பார்க்க வேண்டியது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளின் கட்டங்களை. எத்தனை கேமரா திறந்திருக்கிறது, எத்தனை மின்விசிறி தெரிகிறது. என் மகன் வகுப்பில் ஒருவன் கேமராவை அணைத்துவிட்டுத் தன் பெயரையே 'ரீகனெக்டிங்' என்று மாற்றி வைத்திருந்தான், ஆசிரியை பாவம், அவனுக்கு இணையம் சரியில்லை என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தார். அவன் மூளையை நினைத்து எனக்கு மரியாதைதான்.

அப்புறம் ஒரு கேள்வி, "பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றால் யார் போன் செய்வார்கள்?" என்பது. பெயர் சொல்லி, "வகுப்பாசிரியர் கூப்பிடுவார்" என்றால் நல்லது. நாங்கள் சேர்த்த இடத்தில் தானியங்கி மின்னஞ்சல் வரும். அது ஸ்பாமில் போய் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாவது முறை, மூத்தவளுக்கு, நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம், சேரும்போதே எட்டாவது வாரத்தில் ஒரு தேதியைக் காலண்டரில் வட்டமிட்டது. கட்டணம் திரும்பக் கிடைக்கும் கெடு எப்போது என்று கேட்டு, அதற்கு முந்தின வாரமாகப் பார்த்துக் குறித்தோம். அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம், நோட்டுகள் மேஜை மேல் இருக்கும், மதிப்பெண் அட்டை வேண்டாம். தூக்கம் எப்படி, கடைசியாக எந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டாய், யாரிடம் கேட்டாய், இந்த வாரம் யாரோடு சிரித்தாய், இப்படித்தான் கேள்விகள். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு, இதை இன்னும் ஆறு மாதம் உன்னால் இழுக்க முடியுமா என்று. சின்னவன் விஷயத்தில் இப்படி ஒரு தேதி இருந்திருந்தால் எட்டாவது வாரமே திரும்பியிருப்போம், கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று பத்து மாதம் தள்ளியிருக்க மாட்டோம்.

மூத்தவளுக்கு அடுத்த தேதி பருவ விடுமுறைக்கு முந்தின வாரம் வருகிறது. இந்த முறை கேள்விகளைத் தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், அதில் இரண்டு கேள்வி எனக்காம்.